தருமபுரத்திலிருந்து கிளிநொச்சிக்கு கறண்ட் ஸ்கூட்டியில் தினமும் போய்வரலாமா?

கேள்வி:

வணக்கம் அண்ணா. நாங்கள் தருமபுரம். எனக்குக் கிளிநொச்சி ரவுணில் அலுவலக வேலை, கிழமையில் 5 நாள், ஒரு பக்கம் 20 கிலோமீட்டர் வரும். காலையில் 6 வயது மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய்ப் பரந்தனில் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுப் போவேன். இப்போது ஓடுவது பழைய பெற்றோல் ஸ்கூட்டி. கடை ஒன்றில் கறண்ட் ஸ்கூட்டி பார்த்தேன். 60 வோல்ற் 20 அம்பியர் பற்றரியாம், ஒருமுறை சார்ஜ் போட்டால் 80 கிலோமீட்டர் ஓடுமாம். விலையும் எங்களுக்குக் கட்டுப்படியாகிறது. ஆனால் என் கணவர், கறண்ட் இல்லாவிட்டால் என்ன செய்வாய், மாரிக்கு என்ன செய்வாய், பில் ஏறினால் யார் கட்டுவது என்று மறிக்கிறார். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போக, யாழ்ப்பாணம் போக இது சரிவருமா? வகுப்புக்கு 7 கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கிற என் தம்பிக்கு ஒரு கறண்ட் சைக்கிள் வாங்கிக் கொடுக்கலாமா? பழைய ஸ்கூட்டியை விற்கலாமா?

தருமபுரத்திலிருந்து ஒரு வாசகி

பதில்:

தங்கச்சி, முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். கறண்ட் ஸ்கூட்டிக்கு மாறலாம், உங்கள் ஓட்டத்துக்கு அது நன்றாகவே பொருந்தும். ஆனால் கடையில் காட்டிய அந்த ஸ்கூட்டி வேண்டாம். கிளிநொச்சிப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள்களின் கறண்ட் வேலைதான் என் தொழில். சமீப காலமாக என்னிடம் வருகிற கறண்ட் ஸ்கூட்டிகளில் பாதிக்கு மேல் வண்டியில் பழுதே இருக்காது, ஓட்டத்துக்குப் போதாத பற்றரியோடு வாங்கியதுதான் பிழை. உங்களுக்கும் அது நடக்கக்கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அந்த 80 கிலோமீட்டர் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். மெல்லிய ஆள் ஒருவர், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம், மட்டமான ரோட்டு, காற்று இல்லை, புத்தம் புது பற்றரி, இப்படி ஓட்டினால் அதற்குக் கிட்ட வரலாம். பரந்தன் முல்லைத்தீவு வீதியில் யார் 25இல் போகிறார்கள்? நீங்கள் 40, 45இல் போவீர்கள், பின்னால் மகள் இருப்பாள், அவளுடைய புத்தகப்பை, உங்கள் சாப்பாட்டுப் பை, திரும்பி வரும்போது சந்தையில் வாங்கின மரக்கறி எல்லாம் இருக்கும். அந்த வேகத்தில் அந்தப் பாரத்தோடு ஒரு ஸ்கூட்டி கிலோமீட்டருக்குச் சுமார் 30 வாற்மணி குடிக்கும் (1000 வாற்மணி சேர்ந்தால் பில்லில் வருகிற ஒரு யூனிட்). 40 கிலோமீட்டருக்கு 1200 வாற்மணி. பற்றரியில் எழுதியிருக்கிற 60 வோல்ற்றை 20 அம்பியர்மணியால் பெருக்கிப் பாருங்கள், அதுவும் 1200தான். அதாவது அந்தப் பற்றரியில் உள்ளதெல்லாம், எழுதியபடி கடைசிச் சொட்டு வரைக்கும் கிடைத்தால், நீங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பீர்கள். அப்படிக் கிடைக்காது. குளத்தில் துருசு மட்டத்துக்குக் கீழே நிற்கிற தண்ணீர் வயலுக்கு வராது அல்லவா, அப்படித்தான் பற்றரியிலும் அடியில் உள்ளதை நம்பக்கூடாது. அந்த விலைக்கு வருவது பெரும்பாலும் ஈயப் பற்றரி, 12 வோல்ற் பெட்டிகள் ஐந்து. வேகமாக இழுக்க இழுக்க அது தருகிற மொத்த அளவே குறையும். புதிதாக இருக்கும்போது 30, 35 கிலோமீட்டர், ஒரு வருடம் போனால் 25 என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத் தூரம் முரசுமோட்டைக்கு அங்கால் இருட்டில் மகளையும் வைத்துக்கொண்டு உருட்டுகிற தூரம்.

காற்றையும் சேர்க்க வேண்டும், இதைக் கடைக்காரர் யாரும் சொல்வதில்லை. வைகாசி தொடங்கி சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கிற மாதங்களில் காலையில் நீங்கள் மேற்கே பார்த்துப் பரந்தனுக்குப் போகிறீர்கள், இரண்டு பக்கமும் வயல்வெளி, காற்றை மறிக்க ஒரு பனை வடலிகூட இல்லாத இடங்கள் உண்டு. 40 வேகத்தில் போகிற உங்களுக்கு எதிரே 20 வேகத்தில் காற்று வந்தால் முகத்தில் அடிப்பது 60 வேகக் காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது, ஆகவே தடை மட்டும் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். பின்னேரம் வரும்போது அதே காற்று தள்ளிக்கொண்டு வரும் என்பது உண்மைதான், ஆனால் காலையில் இழந்தது முழுவதும் திரும்பி வராது. காற்று மாதத்தில் வேகத்தை 35க்குக் குறைத்தால் பற்றரியில் நல்ல வித்தியாசம் தெரியும், 10 நிமிடம் முந்தி வெளிக்கிடுங்கள்.

அப்படியானால் எதை வாங்குவது? லித்தியம் பற்றரி, அதிலும் இரும்புப் பொஸ்பேற் வகை, எல்எஃப்பி என்று கேளுங்கள். 2000 வாற்மணிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 60 வோல்ற் 35 அம்பியர்மணி என்றால் 2100 வரும். உங்கள் ஒரு நாள் ஓட்டத்துக்கு அதில் 57 சதவீதம் போகும், காற்று நாளில் 70. வீட்டுக்கு வந்து சேரும்போது எப்போதும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், பற்றரியும் அடிமட்டத்துக்குப் போகாமல் நீண்ட நாள் நிற்கும். ஈயப் பற்றரியை ஒவ்வொரு நாளும் முழுதாக வடித்து ஏற்றினால் 300 முதல் 500 தடவை வரைதான் தாங்கும். எல்எஃப்பி 2000 தடவையைத் தாண்டக் கூடியது. எங்கள் வெயிலுக்கு அதில் கொஞ்சம் குறையும், குறைத்துக் கணக்குப் போட்டாலும் பல வருடம். லித்தியத்தில் வேறு வகைகளும் உண்டு, பாரம் குறைவு, ஓட்டமும் நல்லது, ஆனால் சூட்டில் கெதியாகக் கிழடாகும், பழுதானால் தீப்பிடிக்கிற ஆபத்தும் கூட. வெயிலில் நிறுத்துகிற, வீட்டுக்குள் சார்ஜ் போடுகிற எங்கள் ஆட்களுக்கு எல்எஃப்பியைத்தான் நான் சொல்வேன்.

காசுக் கணக்கை உங்கள் கணவரோடு சேர்ந்திருந்து போடுங்கள். மாதம் 22 நாள், நாளுக்கு 40 கிலோமீட்டர், மொத்தம் 880. பழைய ஸ்கூட்டி லீற்றருக்கு 45 ஓடினால் 20 லீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் 6000 ரூபாவுக்குக் கிட்ட. கறண்டில், நாளுக்கு 1.2 யூனிட், சார்ஜரில் வீணாகிற சூட்டையும் சேர்த்தால் 1.4 யூனிட், மாதம் 31 யூனிட். யூனிட் 45 ரூபா என்று வைத்தாலும் 1400 ரூபா. ஆகவே மாதம் 4600 மிச்சம். பார்க்கச் சந்தோசமாக இருக்கும். ஆனால் அந்த மலிவு ஸ்கூட்டியின் ஈயப் பற்றரி உங்கள் ஓட்டத்தில் ஒன்றரை வருடத்தில் முடிந்துவிடும். புதுச் செற் 80,000 ரூபா என்று கடையில் சொன்னால், 18 மாதத்தால் பிரித்துப் பாருங்கள், மாதம் 4400க்கு மேல். பெற்றோலில் மிச்சம் பிடித்ததெல்லாம் பற்றரிக்குப் போய்விட்டது! நான் இங்கே போட்ட ரூபா எண்கள் உதாரணத்துக்குத்தான், கடையில் உண்மையான விலையைக் கேட்டு அதே மாதிரிப் பிரித்துப் பாருங்கள். வண்டி விலையைக் கேட்க முதல் பற்றரியின் விலையைக் கேளுங்கள், உத்தரவாதம் எத்தனை வருடம், அது பற்றரிக்கா மோட்டருக்கு மட்டுமா, கொள்ளளவு எவ்வளவு குறைந்தால் மாற்றித் தருவீர்கள், எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள்.

பில் ஏறும் என்று அவர் சொல்வது சரி, அவர் நினைப்பதை விடக் கூடவும் ஏறலாம். எங்கள் வீட்டுக் கறண்ட் கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதம் 60 யூனிட்டுக்குள் பாவிக்கிற வீட்டுக்கு ஒரு அட்டவணை, 60ஐத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு அட்டவணை, அதற்கு மேல் 90, 120, 180 என்று படிகள், நிலையான கட்டணமும் படியோடு ஏறும். இப்போது நீங்கள் 50 யூனிட் பாவிக்கிற வீடு என்றால் ஸ்கூட்டியோடு அது 81 ஆகும், மலிவான அட்டவணையை விட்டு வெளியே வந்துவிடுவீர்கள். அதனால் 31 யூனிட்டை யூனிட் விலையால் பெருக்கினால் சரியான செலவு வராது. கடைசி மூன்று மாத பில்லை எடுத்து வையுங்கள், உங்கள் சராசரிக்கு ஒரு பில், சராசரியோடு 31ஐக் கூட்டி இன்னொரு பில், இன்றைய கட்டணப்படி போட்டுப் பாருங்கள், இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம்தான் உங்கள் ஸ்கூட்டியின் கறண்ட் செலவு. இதைப் போட்ட பிறகும் பெற்றோலை விட நன்றாகக் குறைவாகத்தான் இருக்கும், ஆனாலும் முன்கூட்டியே தெரிந்திருந்தால் முதல் பில் வருகிற மாதம் வீட்டில் சண்டை வராது. கூரையில் சோலார் போட்டுப் பகலில் சார்ஜ் போடலாமே என்று யாராவது சொல்வார்கள். பகலில் உங்கள் வண்டி கிளிநொச்சியில் நிற்கிறது, இந்த ஸ்கூட்டிக்காக மட்டும் சோலார் போட வேண்டாம்.

அலுவலகத்தில் சார்ஜ் போட அனுமதி கேட்டுப் பாருங்கள். கேட்காமல் செருக வேண்டாம், அரச அலுவலகம் என்றால் எழுத்தில் கேளுங்கள், மாதம் ஒரு சிறிய தொகை கட்டுகிறேன் என்று நீங்களே சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அது கிடைத்துவிட்டால் உங்கள் 40 கிலோமீட்டர் இரண்டு 20 ஆகப் பிரிந்துவிடும், பற்றரிக்கும் அது பெரிய ஆறுதல்.

கறண்ட் போனால் என்ன செய்வது என்பதற்கும் அங்கேதான் பதில். 2100 வாற்மணிப் பற்றரியை முழுதாக ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டால் பின்னேரம் வரும்போது 40 சதவீதத்துக்கு மேல் மிச்சம் இருக்கும், 90 வரை ஏற்றினாலும் 30க்கு மேல். அன்று இரவு முழுக்கக் கறண்டே இல்லை என்றாலும் அடுத்த நாள் காலை அலுவலகம் போக 28, 30 சதவீதம் போதும், அங்கே போய் ஏற்றலாம். சாதாரண 5 அம்பியர் சார்ஜர் உங்கள் ஒரு நாள் ஓட்டத்தை 4 மணித்தியாலத்தில் ஏற்றிவிடும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கறண்ட் வெட்டினார்கள், மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் கிழமையில்கூட மிச்ச 11 மணித்தியாலத்துக்குள் 4 மணித்தியாலம் சார்ஜ் போட்டிருக்கலாம், பெற்றோல் செட்டில் விடிய விடிய நின்ற சனத்துக்கு அதுவும் இருக்கவில்லை. பிறகு பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கிற கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான் தொடக்கத்தில் கிடைத்தது, 45 ஓடுகிற வண்டிக்கு 180 கிலோமீட்டர், உங்களுக்குக் கிழமைக்குத் தேவை 200. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டின ஊர் இது, ஸ்ராட் எடுக்க மட்டும் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு, மிச்சமெல்லாம் புகையோடு ஓடினது. உங்கள் கணவருக்கும் அது நினைவிருக்கும், அல்லது அவருடைய அப்பா சொல்லியிருப்பார். வருவது நின்றுவிடும் என்ற பயம் எங்கள் சனத்துக்குச் சும்மா வந்ததில்லை. அதனால்தான் சொல்கிறேன், பழைய பெற்றோல் ஸ்கூட்டியை உடனே விற்காதீர்கள். ஒரு மாரி முழுவதும் கழியட்டும். வரிப்பத்திரத்தையும் காப்புறுதியையும் விடாமல் புதுப்பித்து, கிழமையில் ஒருமுறை ஸ்ராட் பண்ணி வையுங்கள். கறண்ட் ஸ்கூட்டி ஒரு மாரியைத் தாண்டிக் காட்டினால் பிறகு விற்பதைப் பற்றி யோசிக்கலாம்.

மாரிதான் எனக்கு மிகவும் கவலையான விசயம். மழை பெய்வதால் பிரச்சினை இல்லை, நல்ல ஸ்கூட்டி மழையில் ஓடும். தேங்கி நிற்கிற வெள்ளம்தான் கெடுக்கும். இந்த ஸ்கூட்டிகளில் மோட்டர் பின்சில்லுக்குள் இருக்கிறது, அதற்குப் போகிற வயர் சில்லின் நடு அச்சு வழியாக உள்ளே நுழைகிறது. நிலத்திலிருந்து அச்சு ஏறக்குறைய ஒரு சாண் உயரம்தான். தண்ணீர் அதைத் தொடுகிறது என்றால் இறக்கக்கூடாது, உருட்டிக்கொண்டும் போகக்கூடாது. சூடான மோட்டர் சட்டென்று குளிரும்போது உள்ளே காற்றுச் சுருங்கி, வயர் நுழைகிற இடத்தால் தண்ணீரை உறிஞ்சும். அன்றைக்கு ஓடும், அடுத்த நாளும் ஓடும், இரண்டு மாதம் கழித்துத் துருப்பிடித்து, சென்சர் செத்து, வண்டி உதறி உதறி நிற்கும். அப்போது யாருக்கும் அந்த வெள்ளம் நினைவிருக்காது. பெட்டியில் ஐபி 67 என்று எழுதியிருந்தால் அது ஒரு மீற்றர் நல்ல தண்ணீரில் அரை மணித்தியாலம் தாங்கும் என்ற சோதனை, ஆனால் அது எதற்கு எழுதியது, பற்றரிக்கா, மோட்டருக்கா, மோட்டருக்குக் கறண்டை அளந்து விடுகிற கொன்றோலருக்கா என்று கேளுங்கள், பெரும்பாலும் ஒன்றுக்குத்தான் இருக்கும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்த நேரம் உங்கள் கண்டாவளைப் பக்கம் எப்படி இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. அப்படிப்பட்ட நாளில் வண்டியை உயரமான இடத்தில் ஏற்றி நிறுத்திவிட்டு, கழற்றக் கூடிய பற்றரி என்றால் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, பஸ்ஸில் போங்கள். தண்ணீருக்குள் நின்ற வண்டியை ஒரு காலமும் சார்ஜில் போட்டுப் பார்க்க வேண்டாம், முதலில் திறந்து காயவிட வேண்டும்.

வீட்டில் சார்ஜ் போடுகிற இடம். இதைத் தயவு செய்து இரண்டு தரம் வாசியுங்கள். படுக்கிற அறைக்குள் வேண்டாம், வெளியே போகிற வாசலை மறித்தும் வேண்டாம். விறாந்தையில், மழைச்சாரல் படாத மூலையில், அருகில் துணி, உரப்பை, வைக்கோல் எதுவும் இல்லாமல் வையுங்கள். சுவரிலுள்ள 13 அம்பியர் பிளக்கில் நேராகச் செருகுங்கள், மெல்லிய எக்ஸ்ரென்சன் வயரை இழுத்து அதில் பிரிட்ஜையும் சார்ஜரையும் சேர்த்துப் போடுகிற பழக்கம் கூடாது. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு கட்டின வீடுகள் பலவற்றில் ஏர்த் கம்பி பெயருக்கு ஒரு அடி தாட்டிருக்கும், அல்லது கழன்று கிடக்கும். வயரிங் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு ஏர்த்தையும் ட்ரிப் சுவிட்சையும் சோதிப்பித்துவிட்டுத்தான் முதல் சார்ஜ். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்கினால் சுவிட்சை நிறுத்தினால் மட்டும் காணாது, பிளக்கையே கழற்றுங்கள். வெயிலில் ஓடி வந்த உடனே சார்ஜ் போடாமல் ஒரு மணித்தியாலம் ஆறவிடுங்கள். பின்னேரம் ஆறரையிலிருந்து இரவு பத்தரை வரை நாடு முழுவதும் கறண்ட் அதிகம் இழுக்கிற நேரம், கிராமத்து லைனில் வோல்ற்றேஜ் இறங்குவதும் அப்போதுதான், ஆகவே படுக்கப் போக முதல் சார்ஜ் போடுங்கள், ரைமர் பிளக் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறு எதையும், பக்கத்து வீட்டு ஸ்கூட்டியின் சார்ஜர் முனை பொருந்தினாலும், செருக வேண்டாம். ஈயப் பற்றரிச் சார்ஜரை லித்தியத்துக்குப் போட்டுப் பற்றரியின் பாதுகாப்புப் பலகையை எரித்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அது எரிந்ததோடு நின்றது அவர்களுடைய அதிர்ஷ்டம்.

எல்எஃப்பியில் இன்னொரு விசயம், அதன் வோல்ற்றேஜ் கடைசி வரை இறங்காமல் நின்று திடீரென்று விழும். வோல்ற்றேஜைப் பார்த்து நாலு கோடு காட்டுகிற மலிவு மீற்றர் இரண்டு கோடு காட்டிக்கொண்டே இருந்து சடுதியாக வண்டியை நிறுத்திவிடும். சதவீதமாகக் காட்டுகிற மீற்றர் உள்ள வண்டியைக் கேளுங்கள். ஒவ்வொரு நாளும் 90 வரை ஏற்றினால் போதும், கிழமையில் ஒருமுறை 100 வரை விடுங்கள், அப்போதுதான் உள்ளே இருக்கிற செல்கள் சமப்படும், சதவீதக் கணக்கும் சரியாகும்.

இலக்கத்தகடு இல்லாத ஸ்கூட்டியை வாங்கவே வேண்டாம், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும். இது சைக்கிள் கணக்கு, லைசென்ஸ் தேவையில்லை என்று சொல்லி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு செய்யாத வண்டிக்குக் காப்புறுதி இல்லை, வரிப்பத்திரம் இல்லை, மகளோடு போகும்போது ஒரு விபத்து நடந்தால் பாதிக்கப்பட்டதும் நீங்கள், குற்றவாளியும் நீங்கள். 2020 மார்ச்சில் நிறுத்தின வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது, அதற்குப் பிறகு புதிது புதிதாகப் பெயர்கள் வருகின்றன, இதில் எத்தனை பேர் இரண்டு வருடம் கழித்து உதிரிப்பாகம் தருவார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். கொன்றோலர், சார்ஜர், கைப்பிடி முறுக்கு, இந்த மூன்றும் கிளிநொச்சியிலோ யாழ்ப்பாணத்திலோ இன்றைக்கு இருப்பில் உண்டா என்று கேளுங்கள். கொழும்பிலிருந்து எடுப்பித்துத் தருவோம் என்றால் அந்த நாட்களில் நீங்கள் பஸ்ஸுக்கு நிற்பீர்கள்.

அப்புறம் வேகம். 40க்கு மேல் போகாத வண்டி வீட்டுக்கும் சந்தைக்கும் காணும், ஆனால் ஏ-35இல், அதாவது அந்தப் பரந்தன் முல்லைத்தீவு வீதியில், மணல் டிப்பருக்கும் பஸ்ஸுக்கும் முன்னால் அது ஆபத்து. 55, 60 வரை போகக் கூடியதாக, முன்சில்லுக்கு டிஸ்க் பிறேக் உள்ளதாகப் பாருங்கள், அந்த வேகத்தில் ஓட்டச் சொல்லவில்லை, தேவைப்படும்போது விலகிப் போக வலு இருக்க வேண்டும். சத்தம் இல்லாத வண்டி என்பதால் ரோட்டில் படுத்திருக்கிற மாடு எழும்பாது, ஒழுங்கையால் ஓடி வருகிற பிள்ளை திரும்பிப் பார்க்காது, ஹோனை விரலுக்குக் கிட்டவே வைத்துக்கொள்ளுங்கள். முன்லைற்றை இரவில் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். மகளுக்கும் அவளுடைய தலைக்கு அளவான ஹெல்மெட்.

வாங்க முதல் ஒரு சோதனை இருக்கிறது. கடைக்காரரிடம் முழுச் சார்ஜோடு வண்டியைக் கேட்டு, உங்கள் கணவர் பின்னால் இருக்க, கிளிநொச்சியிலிருந்து தருமபுரம் போய்த் திரும்பி வாருங்கள். தொடங்கும்போதும் முடியும்போதும் சதவீதத்தை எழுதுங்கள். அவருடைய பாரம் மகளின் பாரத்தை விடக் கூட, ஆகவே வருகிற எண் உங்கள் மோசமான நாளுக்குக் கிட்ட இருக்கும். 30க்குக் குறையாமல் மிச்சம் இருந்தால் எடுக்கலாம். ஓட்டத் தர மாட்டோம் என்கிற கடையில் பேரம் பேசவே வேண்டாம், வேறு கடை பாருங்கள்.

வற்றாப்பளைக்கு உங்கள் வீட்டிலிருந்து 40 கிலோமீட்டர் அளவில் வரும். போய்ச் சேரலாம், அதே சார்ஜில் திரும்பி வர முடியாது. பொங்கல் என்றால் எப்படியும் இரவு முழுக்க அங்கேதானே நிற்பீர்கள், முள்ளியவளையில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் அவர்கள் வீட்டில் வண்டியை விட்டுச் சார்ஜ் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போங்கள், சார்ஜரை மறக்காமல் எடுத்துக்கொண்டு. கோயில் சோடனை லைனில் செருகிற வேலை வேண்டாம். புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயில் மாதிரிக் கிட்டடி இடங்களுக்கு யோசிக்கவே தேவையில்லை. யாழ்ப்பாணம் ஒரு பக்கமே 70க்கு மேல், ஆனையிறவு வெட்டவெளிக் காற்று வேறு. அதற்கு இந்த வண்டியை நம்ப வேண்டாம், பரந்தன் வரை ஓடிப் போய், தெரிந்த இடத்தில் விட்டுவிட்டு, பஸ்ஸிலோ ரயிலிலோ போங்கள். அவசரம் என்றால் பெற்றோல் ஸ்கூட்டி வீட்டில் நிற்கிறது.

தம்பிக்குக் கட்டாயம் வாங்கிக் கொடுங்கள். இவ்வளவு எழுதினதில் எனக்குத் தயக்கமே இல்லாத பதில் இதுதான். போக வர 14 கிலோமீட்டர், தானும் மிதித்துக்கொண்டு மோட்டரின் உதவியையும் எடுத்தால் கிலோமீட்டருக்கு 12 வாற்மணி காணும், ஒரு நாளுக்கு 170. சைக்கிள்களில் வழமையாக வருகிற 36 வோல்ற் 10 அம்பியர்மணிப் பற்றரியில் 360 இருக்கிறது, பாதிகூட முடியாது. மாதம் 5 யூனிட்தான். பற்றரி தீர்ந்தாலும் மிதித்து வீட்டுக்கு வரலாம். வெயிலில் 7 கிலோமீட்டர் மிதித்துப்போய்க் களைத்து விழுந்து வகுப்பில் இருக்கிற பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய உதவி. 250 வாற் மோட்டர், மிதிக்கும்போது மட்டும் உதவுகிற வகை போதும். கைமுறுக்கில் தானாக வேகமாக ஓடுகிறது என்றால் அது பதிவுக்குள் வருமா என்று திணைக்களத்தில் கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும். வீட்டில் நல்ல லுமாலா சைக்கிள் ஒன்று நின்றால் அதற்கே மோட்டர் சில்லு பூட்டலாம், ஆனால் முன்சில்லில் பூட்டுவதென்றால் முன்கவை இரும்பாக இருக்க வேண்டும், அச்சு சுழன்று கழன்றுவிடாமல் பிடிக்கிற இரும்புத் தகடு இரண்டு பக்கமும் போட வேண்டும், பழைய கம்பி பிறேக் அந்த வேகத்துக்குக் காணாது, மாற்ற வேண்டும். கிறவல் ரோட்டில் ஓடினால் ஸ்போக் கம்பி தளரும், மாதம் ஒருமுறை இறுக்குவியுங்கள். நல்ல செயின் பூட்டு ஒன்றும் வாங்கிக் கொடுங்கள், பற்றரியைக் கழற்றி வகுப்புக்குள் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள்.